பாட்டுக்குள் இருக்கிறார்கள், படத்தில் இல்லை

இங்கிலாந்தின் லிவர்பூல் நகரத்துப் பெரியவர்களைப் புரிந்துகொள்ள 'டிஸ்டண்ட் வாய்சஸ், ஸ்டில் லைவ்ஸ்' படத்தைப் பார்க்கச் சொன்னது மருத்துவமனை வார்டில் என்னுடன் வேலை பார்க்கும் மலையாளி சேச்சி. டெரன்ஸ் டேவிஸ் 1988-இல் எடுத்த படம். அவர் பிறந்தது 1945-இல், நாங்கள் இப்போது வாடகைக்கு இருக்கும் கென்சிங்டன் பகுதியில். பத்துப் பிள்ளைகளில் கடைக்குட்டி. போரை ஒட்டிய காலத்தில் தன் வீட்டில் நடந்ததைத்தான் எடுத்திருக்கிறார்.

அப்பா அடிக்கிற வீடு எப்படி இருக்கும் என்று மதுரையில் வளர்ந்த எனக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. அம்மா மாடி ஜன்னலில் உட்கார்ந்து கண்ணாடி துடைக்கிறார். ஏன் இவரைக் கட்டிக்கொண்டாய் என்று மகள் கேட்கும் குரல். நல்லவராக இருந்தார், நன்றாக ஆடுவார் என்கிறார் அம்மா. அமெரிக்க ஜாஸ் பாடகி எலா ஃபிட்ஜெரால்டின் காதல் பாட்டு ஒலிக்கிறது. அது முடிவதற்குள் அந்த மனிதர் அவரை அடித்துப் போடுகிறார். அப்புறம் வீங்கிய முகத்தோடு அம்மா மரச்சாமானைத் துடைத்துக்கொண்டிருக்கிறார். அதற்கு மேல் பார்க்க முடியாமல் கொஞ்ச நேரம் நிறுத்தி வைத்தேன்.

அந்தப் பாட்டைப் பாடியவர் ஒரு கறுப்பினப் பெண். படத் தொடக்கத்தில் ஒலிக்கும் ஆபரா பாடகி ஜெஸ்ஸி நார்மனும் அப்படியே. குரல் மட்டும் வீட்டுக்குள் வருகிறது. தெருவிலோ பப்பிலோ கல்யாணத்திலோ கறுப்பு முகம், சீன முகம் எதுவும் என் கண்ணில் படவில்லை. இத்தனைக்கும் இது துறைமுக நகரம். பிரிட்டனின் மிகப் பழைய கறுப்பினச் சமூகங்களில் ஒன்று இங்கேதான் இருக்கிறது.

டேவிஸைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. அவர் வீட்டில் இல்லாதவர்களைக் கணக்குக்காகக் கொண்டுவந்து நிறுத்தியிருந்தால் படம் பொய்யாகியிருக்கும். என் ஆதங்கம் வேறு. அந்தக் காலத்துத் தொழிலாளர் குடும்பம் என்றாலே இந்த ஒரு வகை வீடுதான் நினைவுக்கு வருகிறது, மற்ற வீடுகளுக்கு இதுபோல ஊரறிந்த படம் அமையவில்லை.

படத்தில் அக்கா தங்கை இருவரும் தியேட்டரில் தேம்பித் தேம்பி அழும் காட்சி ஒன்று உண்டு. அவர்கள் பார்ப்பது 1955-இல் வந்த 'லவ் இஸ் எ மெனி ஸ்ப்ளெண்டர்ட் திங்'. அதில் பாதிச் சீனப் பெண்ணாக நடித்தவர் ஜெனிஃபர் ஜோன்ஸ் என்ற வெள்ளை நடிகை. அதற்குப் பத்து வருடம் முன்புதான், போரில் பிரிட்டிஷ் சரக்குக் கப்பல்களில் உயிரைப் பணயம் வைத்து வேலை செய்த சீன மாலுமிகளை, இதே லிவர்பூலில் சுற்றி வளைத்து அரசு நாடுகடத்தியது. 1945 அக்டோபரில் உள்துறை அலுவலகத்தில் ரகசியமாகக் கூடிப் பேசி எடுத்த முடிவு. பலருக்கு இங்கேயே மனைவி, பிள்ளைகள். சொல்லிக்கொள்ளக்கூட விடவில்லை. புருஷன் கைவிட்டுப் போய்விட்டான் என்றே நினைத்து வாழ்ந்து முடிந்த பெண்கள் இருக்கிறார்கள். அவர்களும் தொழிலாளி வீட்டுப் பெண்கள்தான், இந்தப் படத்து அம்மாவைப் போல.

சைனாடவுன் நுழைவாயிலான நெல்சன் தெருச் சீன வளைவைத் தாண்டி காய்கறி வாங்கப் போகும்போதெல்லாம் இந்த எண்ணம் வருகிறது. ஆற்றங்கரையில் உள்ள பியர் ஹெட்டில் அந்த மாலுமிகளுக்காக ஒரு நினைவுப் பலகை இருக்கிறது, மகனைக் கூட்டிப்போய்க் காட்டினேன். அவர்களுடைய பிள்ளைகளில் சிலர் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள், எழுபதைத் தாண்டிய வயதில். அவர்கள் இருக்கும்போதே அவர்கள் வீட்டுக் கதையை யாராவது இதே பொறுமையோடு எடுக்க வேண்டும்.