மகளின் பயாலஜி படிப்பு: கடன் வாங்கும் முன் நாங்கள் போட்ட கணக்கு

2025 ஏப்ரல் முழுக்க எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் இரண்டு கடிதங்கள் கிடந்தன. இங்கே அமெரிக்காவில் பெரும்பாலான கல்லூரிகளுக்கு மே 1-க்குள் முடிவு சொல்லியாக வேண்டும். மகளுக்கு பயாலஜியில் இரண்டு இடத்தில் கிடைத்திருந்தது. ஒன்று எங்கள் மாநில அரசுப் பல்கலைக்கழகம், இன்னொன்று பெயர்பெற்ற தனியார் பல்கலைக்கழகம். அவளுக்குத் தனியார் மேல்தான் ஆசை. எனக்கும்தான்.

தனியார் கடிதத்தில் "மொத்த நிதியுதவி" என்று பெரிய தொகை போட்டிருந்தது. இரண்டு நாள் சந்தோஷமாகத் திரிந்தோம். மூன்றாம் நாள் என் மனைவி பென்சிலோடு உட்கார்ந்து, திருப்பித் தர வேண்டாத பணத்தை மட்டும் வட்டமிட்டாள். வட்டத்துக்கு வெளியே நின்றவை இரண்டு: மகள் பெயரில் 5,500 டாலர் ஃபெடரல் லோன், அதாவது மத்திய அரசின் மாணவர் கடன்; எங்கள் பெயரில் 18,000 டாலர் பேரண்ட் பிளஸ் லோன், அதாவது பிள்ளையின் படிப்புக்காகப் பெற்றோர் அதே அரசிடம் வாங்கும் கடன். கடனையும் உதவி என்று ஒரே பட்டியலில் சேர்த்திருந்தார்கள். அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

பேரண்ட் பிளஸ் வட்டி அப்போது 9.08%. அதோடு 4.228% கட்டணத்தை முன்கூட்டியே பிடித்துக்கொள்வார்கள். 18,000-க்கு 761 டாலர், பணம் கல்லூரிக்குப் போய்ச் சேரும் முன்பே காலி. நான்கு வருடமும் இப்படியே வாங்கினால் அசல் மட்டும் 72,000. பத்து வருடத் தவணை என்றால் மாதம் 915 டாலர். படிக்கும் காலத்தில் கட்டாமல் தள்ளிப்போட்டால் அந்த வட்டியும் சேரும். இந்த 915 பெற்றோர் தலையில். மகள் தன் பெயரில் வாங்குவதற்குச் சட்டமே வரம்பு வைத்திருக்கிறது: முதல் வருடம் 5,500, அடுத்து 6,500, அப்புறம் 7,500, 7,500. ஆக மொத்தம் 27,000. ஆறரை சதவீத வட்டிக்கு மாதம் 307 டாலர் வரும்.

சரி, சம்பளம் எவ்வளவு வரும்? கல்லூரிவாரியாகச் செலவு, கடன், சம்பளம் காட்டும் மத்திய கல்வித்துறையின் காலேஜ் ஸ்கோர்கார்டு இணையதளத்தைத் திறந்தேன். முதலில் ஒரு தப்புச் செய்தேன். கல்லூரியின் முதல் பக்கத்தில் இருக்கும் சம்பளத்தைப் பார்த்துவிட்டு, தனியார் எவ்வளவோ மேல் என்று நினைத்தேன். அது கம்ப்யூட்டர் சயின்ஸ், இன்ஜினியரிங் எல்லாம் சேர்ந்த எண். படிப்புவாரியாகப் பிரித்துக் காட்டும் பகுதிக்குப் போய் பயாலஜியை மட்டும் எடுத்தபோது, இரண்டு இடத்துக்கும் வித்தியாசம் வருடத்துக்குச் சில ஆயிரம் டாலர்தான்.

அந்த எண்ணையும் அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. ஃபெடரல் உதவி பெற்றவர்களை மட்டும்தான் கணக்கில் எடுக்கிறார்கள். மேற்படிப்பில் இருப்பவர்களைச் சேர்ப்பதில்லை. பயாலஜி முடித்தவர்களில் நிறையப் பேர் மருத்துவம், பல் மருத்துவம், ஆராய்ச்சி என்று போய்விடுகிறார்கள். அவர்கள் இந்த எண்ணில் இல்லை. ஆகவே அது பெரும்பாலும் இளங்கலையோடு நிறுத்தி வேலைக்குப் போனவர்களின் சம்பளம். இன்னொன்று, அங்கே காட்டும் மாணவர் கடனில் தனியார் வங்கிக் கடன் கிடையாது. பேரண்ட் பிளஸைத் தனியாகத்தான் காட்டுகிறார்கள். கடன் குறைவாகத் தெரிந்தால் நிம்மதி அடைவதற்கு முன் அதைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஒருநாள் ராத்திரி நான் லேப்டாப்பில் இதைத் தட்டிக்கொண்டிருந்தபோது மகள் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். வெகுநேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "அப்பா, நான் டாக்டர் ஆகலைன்னா?" என்று கேட்டாள். எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. நாங்கள் யாரும் அதை வாய்விட்டுக் கேட்டதே இல்லை. "ஆகலைன்னாலும் நீ நிம்மதியா இருக்கிற மாதிரிதான் கணக்குப் போடணும் கண்ணா" என்றேன். அதற்குப் பிறகுதான் கணக்கு சரியான வழிக்கு வந்தது என்பது என் எண்ணம்.

ஆய்வகத்தில் பயாலஜிக்கல் டெக்னீஷியன் வேலைக்கு நாடு முழுவதுக்குமான இடைநிலை (மீடியன்) சம்பளம் வருடத்துக்குச் சுமார் 52,000 டாலர். அதாவது மாதம் 4,300 சொச்சம், வரிக்கு முன். அதில் 307 டாலர் தவணை என்றால் ஏழு சதவீதம். சமாளிக்கலாம். எங்களுடைய 915-ஐயும் அவளே ஏற்றுக்கொள்வதாகச் சொன்னாள், பாவம். சேர்த்தால் 1,222. வாடகை கொடுத்துவிட்டு அதைக் கட்ட முடியாது. பட்டத்துக்குப் பிறகு மருத்துவ ஆய்வகப் பயிற்சி ஒரு வருடம் முடித்துத் தேர்வு எழுதினால் சம்பளம் இன்னும் கூடும். ஆனால் அதை நம்பி இப்போதே கடனை ஏற்றுவது சரியாகப் படவில்லை.

டாக்டர் ஆனால்? அப்போதும் இளங்கலைக் கடன் குறைவாக இருப்பதுதான் நல்லது, ஏனென்றால் பெரிய கடன் அதற்குப் பிறகுதான் வரும். நாங்கள் முடிவெடுத்த பிறகு 2025 ஜூலையில் வந்த சட்டம் அதை இன்னும் இறுக்கிவிட்டது. 2026 ஜூலை 1 முதல் புதிதாக வாங்குவோருக்கு, மேற்படிப்புக்கு அரசு தந்த கிராட் பிளஸ் லோன் இல்லை. மருத்துவப் படிப்புக்கு ஃபெடரல் கடன் வருடத்துக்கு 50,000, மொத்தம் 200,000 டாலர் வரைதான்.

ஏப்ரலில் தனியாருக்கு, உதவியைக் கூட்டித் தரக் கேட்டு ஒரு மேல்முறையீட்டுக் கடிதம் எழுதிப் பார்த்தோம். மாமனாரின் மருத்துவச் செலவு ரசீதுகளை இணைத்தோம். வருடத்துக்கு 3,000 டாலர் கூட்டித் தந்தார்கள். அப்படியும் வருடத்துக்கு 15,000 துண்டு விழுந்தது. ஏப்ரல் 29 அன்று அவளே அரசுப் பல்கலைக்கழகத்துக்குச் சம்மதம் அனுப்பினாள். அன்று கொஞ்சம் அழுதாள். நாங்கள் எதுவும் பேசாமல் கூட இருந்தோம்.

முதல் வருடக் கடன் 5,500. அதில் 3,500 சப்சிடைஸ்டு, படிக்கும்வரை அந்த வட்டியை அரசே பார்த்துக்கொள்ளும். மீதி 2,000-க்குப் பணம் வந்த நாளிலிருந்தே வட்டி ஓடும், 6.39%. கையெழுத்துப் போடும் முன் இதை அவளிடம் விளக்கினேன். இப்போது பல்கலைக்கழக ஆய்வகத்தில் கண்ணாடிக் குடுவைகள் கழுவும் பகுதிநேர வேலை பார்க்கிறாள். ஜனவரியில் கடனின் இரண்டாம் பாதியும் வந்துவிட்டது. அந்த வட்டியை அசலோடு சேரவிடாமல் மாதாமாதம் தன் சம்பளத்திலிருந்து அவளே கட்டுகிறாள், 10 டாலர் 65 சென்ட்.