பிளம் மரத்தில் முடிந்த கயிறு

மும்பை மாட்டுங்கா வீட்டில் நேற்றிரவு சிவப்புத் தொப்பிச் சிறுமியின் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தபோது, "அவ ஏம்மா தப்பிச்சுப் போகல?" என்று மகள் கேட்டாள். 1697இல் பிரெஞ்சு எழுத்தாளர் ஷார்ல் பெரோ அச்சிட்ட வடிவத்தில், பாட்டியைப் போல் நடித்துக் கட்டிலில் படுத்திருக்கும் ஓநாய் அவளைத் தின்றுவிடுகிறது. 1812இல் ஜெர்மனியின் கிரிம் சகோதரர்கள் ஒரு வேட்டைக்காரனை அனுப்பிக் காப்பாற்றினார்கள். ஆனால் பிரெஞ்சுக் கிராமத்து வாய்மொழி வடிவம் ஒன்றில், வெளிக்குப் போக வேண்டும் என்று கேட்கும் சிறுமியின் காலில் ஓநாய்மனிதன் கம்பளிக் கயிற்றைக் கட்டி அனுப்ப, அவளோ அதை அவிழ்த்து முற்றத்துப் பிளம் மரத்தில் முடிந்துவிட்டு, ஒருவர் துணையுமின்றி வீடுபோய்ச் சேர்கிறாள். பெண்ணிய நோக்கில் கதையைத் திருப்பிச் சொன்னால் பழமை கெட்டுவிடும் என்று வருந்துவோர், அச்சேறியபோதே அவளுடைய சாமர்த்தியம் காணாமற்போனதை எண்ணிப்பார்க்க வேண்டும் என்று உளமார விரும்புகிறேன். நமக்கும் இது புதிதன்று: சீதை தீக்குளித்ததை அவள் வாயாலேயே கேட்ட அகலிகை மீண்டும் கல்லாவதைப் புதுமைப்பித்தன் 1943லேயே 'சாபவிமோசன'த்தில் எழுதிவிட்டார். (அந்தக் கடைசிப் பக்கத்தை இன்றும் என்னால் நிதானமாக வாசிக்க முடிவதில்லை.)

இன்றிரவு கயிற்றுக் கதையைச் சொன்னேன். முடிப்பதற்குள் மகள் எழுந்து, பாவாடை நாடா ஒன்றைத் தேடியெடுத்துக் கட்டில் காலில் இரண்டு முடிச்சாகப் போட்டு, இழுத்துப் பார்த்தாள்.