திடலும் வரப்பும் கலந்த நிலத்துக்கு எந்தப் புல்வெட்டி?

புல் வெட்ட மிஷின் கேட்டுப் போனால் கடையில் முதல் கேள்வி "எத்தனை ஏக்கர்?" என்பதுதான். டெல்டாவில் அந்தக் கணக்கை மட்டும் நம்பி எடுத்த மிஷின் பல வீடுகளில் கொட்டகையோடு நின்றுவிடுகிறது. ஒரு வேலி, அதாவது ஏறக்குறைய ஆறரை ஏக்கர் நிலத்துக்குள்ளேயே தென்னை நிற்கும் திடல் ஒன்று இருக்கும், நடுவில் கன்னி வாய்க்கால் ஓடும், ஓரத்தில் வடிகாலும் அதன் கரையும், மூலையில் கோரை மண்டிய பள்ளமும் இருக்கும். ஒரே மிஷின் இத்தனைக்கும் சரிப்படாது. ஏக்கரைவிட, புல்லுக்கு அடியில் என்ன கிடக்கிறது என்பதுதான் மிஷினை முடிவு செய்கிறது.

அதனால் கடைக்குப் போகும் முன் நிலத்தை ஒரு முறை முழுக்க நடந்து பாருங்கள். சித்திரை வைகாசியில் புல் காய்ந்து படுத்திருக்கும்போது நடப்பது நல்லது. கையில் நாலடி மூங்கில் குச்சிகளும் வெள்ளைத் துணியும் இருக்கட்டும். பழைய போர் குழாயின் தலை, எல்லைக்கல், வால்வு தொட்டி, சொட்டுநீர்க் குழாய், ஆடு கட்டிய முளைக்குச்சி என்று எது தென்பட்டாலும் பக்கத்தில் ஒரு குச்சியை நட்டுத் துணியைக் கட்டுங்கள். பட்டுக்கோட்டை, பேராவூரணி பக்கத் தோப்புகளில் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். 2018 நவம்பர் 16 கஜா புயலில் சாய்ந்த மரங்களின் குழிகள் சரியாக நிரப்பப்படாமல், கட்டை மக்கி, மேலே புல் மூடிக் கிடக்கலாம். டிராக்டரின் முன்சக்கரம் இறங்கிய பிறகுதான் குழி இருப்பதே தெரியும்.

அடுத்தது சரிவு. ஒரு மீட்டர் நீள ரீப்பர் கட்டை ஒன்றும் ரசமட்டம் ஒன்றும் போதும். கட்டையின் ஒரு முனையைச் சரிவின் மேல்பக்கத்தில் ஊன்றி, மறுமுனையைக் குமிழி நடுவுக்கு வரும்வரை தூக்குங்கள். அந்த முனைக்கும் தரைக்கும் உள்ள இடைவெளி 27 சென்டிமீட்டர் வந்தால் சரிவு 15 டிகிரி. அதற்கு மேல் போனால் உட்கார்ந்து ஓட்டும் எந்த வண்டியையும் அங்கே ஏற்றாதீர்கள். வாய்க்கால் கரையில் இந்த இடைவெளி மிக எளிதாக அரை மீட்டரைத் தாண்டும். அங்கே நீளக் குழாயின் முனையில் பிளேடு சுழலும், தோளில் மாட்டும் பிரஷ் கட்டர்தான் வழி.

தென்னைக்கு இடையில் உள்ள சமதளத்துக்கு, டிராக்டரின் பின்னால் மாட்டி, அடியில் சுழலும் பிளேடால் புல் வெட்டும் ஸ்லாஷர் போதும். கணக்கு இதுதான்: 25 அடிக்கு 25 அடி நட்டால் ஏக்கருக்கு 70 மரம் வரும். மரத்தைச் சுற்றி ஆறடி ஆரத்தில் வட்டப்பாத்தி என்றால் ஒரு பாத்தி 113 சதுர அடி, 70 பாத்திக்கும் சேர்த்து ஏறக்குறைய 18 சென்ட். அந்த 18 சென்ட்டும் பிரஷ் கட்டருக்கும் கைக்கும் உரியது. மீதி 82 சென்ட்டில் டிராக்டர் ஓடும். இரண்டு பாத்திகளுக்கு நடுவே 13 அடி வழி கிடைப்பதால் ஐந்தடி ஸ்லாஷர் மூன்று சாலில் முடித்துவிடும். மணிக்கு 4 கிலோமீட்டர் வேகம் வைத்தால், திருப்பங்களையும் சேர்த்து, ஏக்கருக்கு ஒரு மணி நேரம் ஆகும். ஐந்தடிக்கு 35 ஹெச்பிக்கு மேல் டிராக்டர் பாருங்கள். மினி டிராக்டருக்கு நாலடி ஸ்லாஷரே அளவு. பிடிஓ, அதாவது டிராக்டரின் பின்னால் கருவியைச் சுழற்றும் தண்டு, நிமிடத்துக்கு 540 சுற்றில் நிற்க வேண்டும். சுற்று குறைந்தால் பிளேடு புல்லை வெட்டாமல் மடக்கிவிட்டுப் போகும், இரண்டு நாளில் அது மறுபடி நிமிர்ந்து நிற்கும்.

ஸ்லாஷருக்கு இரண்டு எதிரிகள். ஒன்று கீழே விழுந்த தென்னை மட்டை, அதை முதலில் பொறுக்கி ஓரம் கட்டிவிட வேண்டும். மற்றது கயிறு. வைக்கோல் கட்டிய நைலான் கயிறோ சொட்டுநீர்க் குழாயோ பிளேடுத் தண்டில் சுற்றினால் உராய்வுச் சூட்டில் உருகி ஆயில் சீலைத் தின்றுவிடும். கியர் பெட்டியிலிருந்து எண்ணெய் கசிந்தால் முதலில் அங்கேதான் பார்க்க வேண்டும். பிடிஓ தண்டில் உள்ள ஷியர் போல்ட் அறுந்தால் அதே தரப் போல்ட்டையே போடுங்கள். "கெட்டியா இருக்கட்டும்" என்று உறுதியான போல்ட்டைப் போட்டால் அடுத்த முறை கட்டையில் மோதும்போது போல்ட்டுக்குப் பதில் கியர் உடையும். மட்டையையும் சேர்த்துத் தூளாக்க வேண்டுமானால் மல்ச்சர் இருக்கிறது, ஆனால் அதற்கு டிராக்டரின் பலமும் கூட வேண்டும், விலையும் கூட.

ரோட்டவேட்டரையும் பவர் வீடரையும் புல்வெட்டி என்று எண்ணிவிடாதீர்கள். அவை மண்ணைக் கிளறும். கோரை உள்ள இடத்தில் கிளறினால் சங்கிலியாகக் கோர்த்திருக்கும் கிழங்குகள் துண்டு துண்டாகி, ஒரு திட்டாக இருந்த கோரை வயல் முழுக்கப் பரவும்.

இனி பிரஷ் கட்டர். இங்கேதான் அதிகம் ஏமாறுகிறோம். சமதளத்தில் சைக்கிள் ஹேண்டில் வகை வேகமாகவும் நிதானமாகவும் போகும். அதே ஹேண்டில் கரைச் சரிவில் மண்ணில் இடிக்கும், அங்கே வளையக் கைப்பிடி அல்லது முதுகில் சுமக்கும் வகை வசதி. முதுகு வகையில் வளையும் கேபிள் இருப்பதால், அதற்குக் கிரீஸ் விடாமல் ஓட்டினால் சூடேறி அறுந்துபோகும்.

நாள் முழுக்க ஓடும் வேலைக்கு 35 சிசி ஃபோர் ஸ்ட்ரோக் எடுக்கலாம், பெட்ரோலில் ஆயில் கலக்க வேண்டியதில்லை. ஆனால் அதன் ஆயில் அளவு சுமார் 100 மில்லிதான். அதில் 30 மில்லி குறைந்தாலே ஆபத்து என்பதால் தினமும் பார்க்க வேண்டும், முதல் 10 மணி நேரத்திலும் பிறகு 50 மணி நேரத்துக்கு ஒருமுறையும் மாற்ற வேண்டும். கருவேலங்கன்றும் நெய்வேலிக் காட்டாமணக்கும் அடர்ந்த இடத்துக்கு 50 சிசி டூ ஸ்ட்ரோக் வேகம் கொடுக்கும். அதில் கலவைதான் உயிர். கையேட்டில் 50:1 என்றால் லிட்டருக்கு 20 மில்லி, 25:1 என்றால் 40 மில்லி. மூடியில் குத்துமதிப்பாக ஊற்றாதீர்கள். மருந்துக் கடையில் 20 மில்லி சிரிஞ்சு வாங்கி மிஷினோடு கட்டி வையுங்கள். ஆயில் குறைந்தால் பிஸ்டன் கீறி இறுகும், கூடினால் பிளக் கரியேறிச் சைலன்சர் அடைக்கும். பைக் ஆயிலும் ஆகாது, டூ ஸ்ட்ரோக்குக்கு உரிய 2டி ஆயில்தான் வேண்டும். இப்போதைய எத்தனால் கலந்த பெட்ரோல் ஈரத்தை இழுக்கும், எனவே ஒரு மாதம் நிறுத்தப் போகிறீர்கள் என்றால் டேங்கைக் காலி செய்து, இஞ்சின் தானாக அணையும்வரை ஓட விடுங்கள். கார்புரேட்டர் பிசின் பிடிக்காது.

தலையில் எதை மாட்டுவது? கல், குழாய், சுவர் ஓரத்துக்கு நைலான் நரம்பு. ஒரு நாள் முன்னதாகத் தண்ணீரில் ஊறப்போட்டால் சீக்கிரம் முறியாது. கெட்டிப் புல், நாணல், சம்புக்கு மூன்று பல் பிளேடு. கட்டை பாய்ந்த செடிக்கு வட்ட ரம்பப் பிளேடு. பிளேடு நட்டு பெரும்பாலும் இடது மரை, கழற்ற வலப்பக்கம் திருக வேண்டும். தெரியாமல் எதிர்ப்பக்கம் முறுக்கினால் மரை போய்விடும். மேலிருந்து பார்த்தால் பிளேடு இடஞ்சுழியாகச் சுற்றும். ஆகவே வலமிருந்து இடமாக வீசி வெட்டுங்கள். பிளேடின் வலது முன்பக்கம் கட்டையில் பட்டால் மிஷின் கையை உதறிக்கொண்டு திரும்பும். சுற்றிலும் 15 மீட்டருக்கு ஆள், மாடு எதுவும் இருக்கக் கூடாது. கண்ணாடியும் முழங்கால் வரை கம்பூட்டும் கட்டாயம். விரியன் நடமாடும் புல்லில் கால்தான் முதலில் போகிறது.

தென்னங்கன்றின் அடியிலிருந்து ஒரு அடிக்குள் எந்த மிஷினும் போக வேண்டாம், அரிவாளே போதும். நைலான் நரம்பு கீறிய காயத்தைத் தேடிச் சிவப்புக் கூன்வண்டு வந்து முட்டையிடும். அந்தக் கன்று பிறகு தேறுவது கடினம்.

கரையை மொட்டை அடிக்காதீர்கள், இதை மட்டும் வற்புறுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. மூன்று நான்கு அங்குலம் தாள் நிற்கட்டும். நண்டு வளையும் எலி வளையும் கண்ணுக்குத் தெரிய அந்த உயரம் போதும். வேரோடு செதுக்கினாலோ களைக்கொல்லி அடித்தாலோ ஐப்பசி அடைமழையில் மண் கரைந்து வாய்க்காலுக்குள் போகும், கரை உடையும். வெட்டும்போது முதலில் கரை உச்சியில் நின்று மேல்பாதி, பிறகு வாய்க்கால் காய்ந்திருந்தால் உள்ளே நின்று கீழ்ப்பாதி. சரிவில் ஏறி இறங்கி வெட்டினால் கால் வழுக்கும்.

காலமும் பார்க்க வேண்டும். களிமண் நனைந்த பிறகு டிராக்டர் இறங்கினால் சக்கரத் தடம் இறுகிப் பாறையாகும், அதில் தண்ணீர் தேங்கும். எனவே ஸ்லாஷர் ஓட்டம் ஒன்று புரட்டாசிக்குள், இன்னொன்று பொங்கலுக்குப் பிறகு மண் காய்ந்ததும். இடையில் மழைக்காலம் முழுக்கப் பிரஷ் கட்டர்தான். பார்த்தீனியத்தைப் பூக்கும் முன் வெட்டிவிட வேண்டும். பூத்ததை வெட்டித் தென்னைப் பாத்தியில் போட்டால் விதைத்த மாதிரிதான்.

வருடத்தில் இரண்டே ஓட்டம் என்றால் ஸ்லாஷரை வாடகைக்கு எடுங்கள், பிரஷ் கட்டரைச் சொந்தமாக வையுங்கள். வேளாண் பொறியியல் துறையிலும் வாடகை மிஷின்கள் உண்டு. மானியம் வேண்டுமானால் வாங்கும் முன்பே விண்ணப்பித்து அனுமதி பெற வேண்டும், பில் போட்ட பிறகு போனால் பயனில்லை.

பிரஷ் கட்டருக்குப் பணம் கட்டும் முன் கடைக்காரரிடம் மூன்று உதிரிபாகங்களைக் கையில் எடுத்துக் காட்டச் சொல்லுங்கள்: ஸ்டார்ட்டர் கயிறு, கிளட்ச் ஷூ, கார்புரேட்டர் டயாபிரம். "சென்னையிலிருந்து வரவழைக்கலாம்" என்று சொன்னால் அடுத்த கடைக்குப் போங்கள்.