எல்லோருக்கும் எடுக்கிற இரத்தம்: படுவான்கரை நாட்குறிப்பு

20 மே 2024, திங்கள்

வைகாசிச் சடங்கு தொடங்கிவிட்டதால் நான் போன வீடுகளில் பாதி பூட்டிக் கிடந்தன. ஊரே கண்ணகி அம்மன் கோயில் வளவில் நிற்கிறது. பூட்டாத ஒரு வீட்டில் ஏழு வாரக் கர்ப்பிணி ஒருவரைப் பதிவு செய்தேன். (குடும்பநல உத்தியோகத்தராக, மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான படுவான்கரைக்கு வந்து ஒன்பது வருடமாகிறது. நான் எழுதுகிறவர்களை ஊரார் இனங்காணாதபடி வீட்டு விவரங்களை மாற்றியே எழுதுகிறேன்.) கணவர் நான்கு வருடம் கட்டாரில் வேலைசெய்துவிட்டுத் திரும்பியவர். உயரம், நிறை, முந்திய பிள்ளைப்பேறு என்று பதிவேட்டை நிரப்பியபின், புதன்கிழமை கிளினிக்கில் இரத்தம் எடுத்து இரத்த வகை, ஹீமோகுளோபின், சர்க்கரை, சிபிலிஸ் என்ற பாலியல் நோய்க்கான வீ.டி.ஆர்.எல்., எச்.ஐ.வி. எல்லாம் பார்ப்போம் என்று சொன்னேன். கடைசிச் சொல்லைக் கேட்டதும் திண்ணையில் அரிசி புடைத்துக்கொண்டிருந்த மாமியாரின் சுளகு நின்றது.

"ஏன் மிஸ், எங்கட புள்ள வெளிநாட்டில இருந்து வந்தவன் எண்டா?"

"இல்ல அம்மா. மகன் வயலை விட்டு அசையாத ஆளெண்டாலும் எடுப்பம். எல்லாருக்கும் எடுக்கிறதுதான்."

சுளகு மறுபடி ஆடத் தொடங்கியது, ஆனால் மெதுவாக. வேலைக்கு வந்த புதிதில் நான் "உங்களுக்கு ஏதும் சந்தேகம் இருக்கா?" என்று கேட்டுவிட்டுத்தான் இந்தப் பேச்சையே எடுப்பேன். சந்தேகம் உண்டென்று எந்தப் பெண் சொல்வாள்? அந்தக் கேள்விதான் அவர்களை விரட்டியது என்பது எனக்குப் பிந்தித்தான் விளங்கியது.

22 மே, புதன்

நாளை வெசாக் விடுமுறை என்பதால் இன்று கிளினிக்கில் கூட்டம். மண்டபத்தின் ஒரு மூலையில் சேலையொன்றைக் கட்டி மறைப்பாக்கியிருக்கிறோம். சேலை கண்ணை மறைக்கும், காதை மறைக்காது. ஆகவே அதற்குள் பேசும்போது என் குரல் தானாகவே தாழ்ந்துவிடும். வேறொரு பிரதேசத்தில் நான் பயிற்சியிலிருந்த காலத்தில், வரிசையில் நின்ற பெண்ணிடம் ஒருவர் "உன்ர எயிட்ஸ் ரிப்போர்ட் வரல்ல, மறுகா வா" என்று உரக்கச் சொன்னதை என் காதாலேயே கேட்டேன். அந்தப் பெண் அடுத்த மாதம் வரவேயில்லை.

திங்கட்கிழமை பதிந்தவர் இன்று தனியாக வந்தார். விரும்பாவிட்டால் மறுக்கலாம், மறுத்தாலும் மற்றக் கவனிப்பில் ஒரு குறையும் வைக்கமாட்டோம் என்று சொல்லித்தான் சம்மதம் கேட்டேன். அவர் கையை நீட்டிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். குழாய்களில் இலக்கத்தை எழுதி, குளிர்ப்பெட்டியில் அடுக்கி, மதியத்துக்குள் அனுப்பினோம். பெட்டி மண்டூரிலிருந்து, பாதை என்று நாங்கள் சொல்லும் மிதவைப் படகில் ஏறி, இரண்டு மோட்டார் சைக்கிள்களுக்கு நடுவே வாவியைக் கடந்து குருமண்வெளிக்குப் போனது.

28 மே, செவ்வாய்

கச்சான் காற்று. தலைவலி. மூன்று வீடுகளுக்கு மட்டும் போனேன்.

5 ஜூன், புதன்

முடிவுகள் வந்தன, ஒன்றைத் தவிர. பெட்டிக்குள் பனி கசிந்து ஒரு குழாயின் இலக்கம் அழிந்துவிட்டதாம். யாருடையது என்று கேட்கவும் வேண்டுமா? கட்டார்க்காரரின் மனைவியுடையதுதான்.

மறுபடி இரத்தம் எடுக்கவேண்டும் என்றதும் அவருடைய உதடு வெளுத்துப்போனது. "அப்ப எனக்கு இருக்குத்தானே மிஸ்?" என்றார். இலக்கம் அழிந்த கதையைச் சொன்னேன். நம்பவில்லை, அவருடைய இடத்தில் நான் இருந்திருந்தாலும் நம்பியிருக்கமாட்டேன். கதிரையை இழுத்துப்போட்டு அரை மணித்தியாலம் பேசினேன்.

முதற் சோதனையில் ஒருவருக்குத் தொற்று இருப்பதுபோலத் தெரிந்தாலும், வேறு சோதனைகளால் உறுதிப்படுத்தாமல் யாரும் அதை முடிவாகச் சொல்வதில்லை. இலங்கையில் வளர்ந்தவர்களிடையே எச்.ஐ.வி. 0.1 சதவீதத்துக்கும் குறைவு. பத்தாயிரம் கர்ப்பிணிகளில் ஒருவருக்குத்தான் உண்மையில் தொற்று என்றும், சோதனை ஆயிரத்துக்கு இரண்டு தடவை தொற்றில்லாதவருக்கும் தொற்றென்று பிழையாகக் காட்டும் என்றும் கணக்குக்காக வைத்துக்கொண்டால், ஒரு உண்மைக்கு இருபது பொய்ச் சமிக்ஞை வரும். இந்தக் கணக்கை அவருக்குப் பேனையால் எழுதிக் காட்டினேன்.

உண்மையிலேயே இருந்தால் என்ன நடக்கும் என்பதையும் ஒளிக்கவில்லை. ஒன்றும் செய்யாமல் விட்டால் கர்ப்பத்திலும் பிரசவத்திலும் தாய்ப்பாலிலுமாக நூறு பிள்ளைகளில் 15 முதல் 45 பேர்வரை தொற்றுக்குள்ளாகலாம். தாய் நேரத்தோடு மருந்தைத் தொடங்கி, இரத்தத்தில் வைரசின் அளவு அடங்கிவிட்டால், அது நூறுக்கு ஒன்று என்ற அளவுக்கும் கீழே இறங்கும். 12 வாரத்துக்குள் வாருங்கள் என்று வீடு வீடாக நாங்கள் நச்சரிப்பது இதற்காகத்தான். சிபிலிசுக்கோ பென்சிலின் ஊசியே போதும். அதைக் கண்டுபிடிக்காமல் விட்டால் பிள்ளை வயிற்றிலேயே இறக்கவும் கூடும்.

அவர் மற்றக் கையை நீட்டினார். இம்முறை இலக்கத்தை இரண்டு இடத்தில் எழுதி, அதன்மேல் ஒட்டுநாடாவும் சுற்றினேன்.

11 ஜூன், செவ்வாய்

மாதக் கூட்டத்தில் 2019 டிசம்பர் பற்றிப் பேச்சு வந்தது. அந்த மாதந்தான், தாயிடமிருந்து பிள்ளைக்கு எச்.ஐ.வி.யும் சிபிலிசும் தொற்றுவதை ஒழித்த நாடாக உலக சுகாதார ஸ்தாபனம் இலங்கையை அங்கீகரித்தது. அதை முதலில் பெற்ற நாடு கியூபா, 2015இல். ஒழிப்பு என்றால் பூச்சியம் என்று பொருளல்ல. தாய்ப்பாலூட்டும் நாடுகளில் தாயிடமிருந்து பிள்ளைக்கு எச்.ஐ.வி. தொற்றும் வீதம் 5 சதவீதத்துக்குக் கீழே இருக்கவேண்டும், கர்ப்பிணிகளில் நூற்றுக்கு 95 பேராவது சோதிக்கப்படவேண்டும். அந்த 95இற்குள் வாவிக்கு இந்தப் பக்கம் இருப்பவர்களும் அடங்குவார்கள் என்பதை நகரத்துக்காரர்கள் மறந்துவிடுகிறார்கள்.

எனக்கு ஆபிரிக்க நாடான மலாவியின் கதைதான் பிடிக்கும். எச்.ஐ.வி. உள்ள கர்ப்பிணிகளில் யாருக்கு வாழ்நாள் மருந்து, யாருக்குத் தற்காலிக மருந்து என்று பிரிக்க இரத்த அணுக்களை எண்ணும் இயந்திரம் வேண்டும். மலாவியின் பெரும்பாலான கிராமக் கிளினிக்குகளில் அது கிடையாது. ஆகவே 2011இல், தொற்றுள்ள எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் எண்ணாமலேயே வாழ்நாள் மருந்து கொடுக்கத் தொடங்கினார்கள். இயந்திரமில்லாத நாடு கண்டுபிடித்த அந்த வழியைப் பிறகு உலகமே எடுத்துக்கொண்டது. 2015இலிருந்து எச்.ஐ.வி. உள்ள அனைவருக்கும், அணு எண்ணிக்கை எதுவானாலும், மருந்து என்பதே பரிந்துரை.

கூட்டத்தில் நான் ஒன்று கேட்டேன்: எல்லோருக்கும் என்கிறோம், புருஷன்மார் எங்கே? கர்ப்பத்தின் தொடக்கத்தில் தொற்றில்லை என்று வந்த பெண்ணுக்கு இடையில் தொற்றினால் நம்முடைய பதிவேடு அதை எப்படி அறியும்? வீட்டில் ஒருவரை மட்டும் சோதித்தால், தப்பித்தவறி ஏதும் வந்தால் பழி முதலில் அவள் தலையில்தான் விழும். கணவரையும் வரச்சொல்லி ஊக்கப்படுத்துங்கள் என்றார்கள். காலை ஆறு மணிக்கு வயலுக்குப் போகிறவரை ஒன்பது மணிக் கிளினிக்குக்கு ஊக்கப்படுத்துவது எப்படி என்று மட்டும் ஒருவரும் சொல்லவில்லை.

19 ஜூன், புதன்

முடிவு வந்துவிட்டது. சேலை மறைப்புக்குள் அழைத்துச் சொன்னேன், தொற்றில்லை. அவர் சிரிக்கவில்லை, கர்ப்பிணிகளுக்குக் கொடுக்கும் திரிபோஷாச் சத்துமாப் பையை மடியில் வைத்து அதன் விளிம்பை மடித்து மடித்து விரித்துக்கொண்டிருந்தார். பிறகு, "அவர் வெளியில நிக்கிறார் மிஸ், உங்களோட கதைக்கவேணுமாம்" என்றார்.

வேப்பமர நிழலில் மோட்டார் சைக்கிளில் சாய்ந்து நின்றார். மனைவியின் முடிவை அவர் கேட்கவுமில்லை, நான் சொல்லவுமில்லை. தானும் பார்ப்பதென்றால் எங்கே போகவேண்டும், பேர் கேட்பார்களா, காசு வேண்டுமா என்று நிலத்தைப் பார்த்தபடியே கேட்டார். காசு வேண்டாம், சொல்வது வெளியே போகாது என்றேன். பாலியல்நோய் சிகிச்சை நிலையத்துக்குப் போகும் வழியையும் நேரத்தையும் ஒரு துண்டில் எழுதிக் கொடுத்தேன். அவர் அதை நாலாக மடித்துத் தொலைபேசி உறைக்குள் செருகினார். அதற்குள் மனைவி வந்து பின்னால் ஏறிக்கொள்ள, பள்ளம் பார்த்துப் பார்த்து மெதுவாக ஓட்டிப்போனார்.