அய்யங்காரும் என் மூச்சும்

பிப்ரவரி 4

மாத்திரை இன்றும் குமட்டியது. படுத்தபடியே நாள் முழுவதும் யோக ஆசிரியர் பி.கே.எஸ். அய்யங்காரைப் பற்றி நினைத்துக்கொண்டிருந்தேன். 1918 டிசம்பரில், கர்நாடகத்துப் பெல்லூரில், விஷக்காய்ச்சல் பரவியிருந்த காலத்தில், அதே காய்ச்சலில் கிடந்த தாய்க்குப் பிறந்தவர் அவர். மலேரியா, டைபாய்டு, காசநோய் என்று வரிசையாக வந்து அவருடைய இளமையை உருக்குலைத்தன. மைசூரில் அக்காள் கணவர் கிருஷ்ணமாச்சாரியாரிடம் யோகம் கற்கத் தொடங்கியபோது அவருக்கு வேண்டியிருந்தது உடம்பு தேறுவது ஒன்றுதான்.

பிப்ரவரி 5

இருமல் குறையவில்லை.

பிப்ரவரி 8

1952-இல் பம்பாய்க்கு வந்திருந்த வயலின் மேதை யெஹுதி மெனுஹின், அய்யங்காரைச் சந்திக்க ஐந்தே நிமிடம் ஒதுக்கியிருந்தார். களைத்துப் போயிருந்த அவரை அய்யங்கார் படுக்க வைத்தார். மெனுஹின் நெடுநேரம் அயர்ந்து தூங்கிவிட்டார். 1954-இல் சுவிட்சர்லாந்துக்கு அழைப்பு வந்ததற்கும், பிறகு லண்டன் வரை வழி திறந்ததற்கும் அந்தத் தூக்கம்தான் தொடக்கம். தமது தலைசிறந்த வயலின் ஆசிரியர் அய்யங்கார் என்று பொறித்த கைக்கடிகாரம் ஒன்றை மெனுஹின் அவருக்குப் பரிசளித்தார். மேலைநாட்டு மேடைகளில் உடம்பை வில்லாய் வளைத்துக் காட்டியவர் அய்யங்கார் என்பது உண்மைதான். ஆனாலும் அங்கே அவரை நிலைநிறுத்தியது, களைத்த ஒருவனுக்கு என்ன தேவை என்பதைப் பார்த்த மாத்திரத்தில் அறிந்த அந்தக் கண் என்றே நான் நம்புகிறேன்.

பிப்ரவரி 9

இரவு இரண்டு மணிக்கு மேல் தூக்கமில்லை. மெனுஹின் மட்டும் எப்படித் தூங்கினார்?

பிப்ரவரி 13

படுத்தபடி மூச்சுப் பயிற்சி செய்ய மருத்துவர் அனுமதி கொடுத்துவிட்டார். "மூச்சு வாங்குற நேரத்துல உனக்கு இது தேவையா தம்பி?" என்று அக்கா கடிந்துகொண்டாலும் போர்வைகளை அவள்தான் மடித்துக் கொடுத்தாள். நீளவாக்கில் ஒடுக்கமாக மடித்த போர்வை முதுகெலும்பை இடுப்பிலிருந்து தாங்க வேண்டும். நெற்றி பின்னால் சரியாமல் இருக்கத் தலைக்குக் கீழே இன்னொரு மடிப்பு வேண்டும். இப்படிப் படுத்தால் விலா எலும்புகள் தாமாக விரிகின்றன, மார்பைத் தூக்கிப் பிடிக்கும் வேலை நமக்கு இல்லை. மூச்சை வலிந்து இழுக்காமல், வெளிவிடுவதை மட்டும் சற்று நீட்டினேன். நாற்காலி, மரக்கட்டை, கயிறு, பட்டை ஆகியவற்றை அய்யங்கார் யோகத்துக்குள் கொண்டுவந்ததைச் சலுகை என்று குறைத்துப் பேசுபவர்கள் ஒரு வாரம் என்னைப் போல இருமிப் பார்க்க வேண்டும். எண்பது வயதை எட்டிய பெல்ஜிய அரசி எலிசபெத்துக்கு அவர் தலைகீழாக நிற்கும் சிரசாசனம் கற்பித்ததைச் சொன்னதும் அக்கா வாயடைத்துப் போனாள்.

பிப்ரவரி 17

1960-களின் இறுதியில் லண்டன் கல்வி நிர்வாகம் முதியோர் கல்வி வகுப்புகளில் அவருடைய முறையை ஏற்றபோது, ஆசனமும் பிராணாயாமமும் கற்பிக்கலாம், ஆன்மிகம் கூடாது என்று நிபந்தனை விதித்தது. அவர் அதற்கு இணங்கினார். யோகத்தின் உயிரையே விட்டுக்கொடுத்துவிட்டார் என்று சிலர் வருந்துவதை என்னால் ஏற்க முடியவில்லை. நிற்கும்போது கால் பெருவிரலின் அடிப்பகுதி தரையில் எப்படிப் பதிகிறது என்பது வரை கவனிக்கச் சொன்னவர், யோக சூத்திரம் தந்த பதஞ்சலியின் பெயரை உச்சரிக்காமலே மனத்தை ஒரு புள்ளியில் நிறுத்தப் பழக்கிக்கொண்டுதான் இருந்தார்.

பிப்ரவரி 18

சளிப் பரிசோதனை முடிவு நாளை வருகிறது. 1966-இல் வெளிவந்த அவருடைய ஆசன நூலில் ஏறத்தாழ 600 படங்கள் இருக்கின்றன. மாலையெல்லாம், பிணம்போல் அசையாமல் படுத்திருக்கும் சவாசனப் படத்திலேயே நின்றுவிட்டேன். காய்ச்சல் 100-ஐத் தொட்டிருக்கிறது. அக்கா கஞ்சி கொண்டுவருகிறாள், மிச்சத்தைப் பிறகு எழுதுகிறேன்.