லண்டனில் மறுமணம்: வன்னியில் சேர்த்த ஆவணங்கள்

வெளிநாட்டுச் சம்பந்தம் என்றதும் எல்லோரும் விசாவைப் பற்றித்தான் கேட்கிறார்கள். என்னைப் போன்றவர்களுக்கு விசா இரண்டாவது வேலை. முதல் திருமணம் முடிந்துவிட்டது என்று தாளில் காட்டுவதுதான் முதல் வேலை. அதை இங்கே, வன்னியில்தான் செய்ய வேண்டும்.

என் கணவரை 2009 மே மாதத்திலிருந்து காணவில்லை. போரின் கடைசி நாட்களில் நானும் மாமியும் வட்டுவாகல் பாலத்தைக் கடந்து இராணுவத்தின் பகுதிக்கு வந்தோம். பின்னால் வருகிறேன் என்று சொன்னவர் வரவில்லை.

காணாமற்போனவர் விடயத்தில் இரண்டு வகைச் சான்றிதழ்கள் உண்டு. போரில் காணாமற்போய் ஓராண்டு கடந்தவரின் இறப்பைப் பதிய 2010ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கச் சட்டம் வழிசெய்தது. 2016இல் வந்த திருத்தம், இறந்தார் என்று சொல்லாமல் காணவில்லை என்பதை மட்டும் உறுதிப்படுத்தும் சான்றிதழைக் கொண்டுவந்தது. அதை வைத்துக்கொண்டு சொத்து, கொடுப்பனவு அலுவல்களைப் பார்க்கலாம். ஆனால் முதல் திருமணம் சட்டப்படி அப்படியே நிற்கும். இந்த வேறுபாட்டை அலுவலகங்களே பெண்களை உட்காரவைத்து விளக்க வேண்டும். எனக்கு எவரும் விளக்கவில்லை; தேடித்தான் அறிந்தேன்.

மறுமணத்துக்கு இறப்புச் சான்றிதழ் இல்லாமல் முடியாது. அதற்கு, அவர் இறந்துவிட்டதாக நம்புகிறேன் என்று நானே சத்தியக் கடதாசி முடிக்க வேண்டும். அதை உறுதிப்படுத்தும் சமாதான நீதவான் (ஜே.பி.) நிதானமாக வாசித்துக் காட்டினார். அந்த வரி வந்ததும் பேனையை மேசையில் வைத்துவிட்டு எழுந்துவிட்டேன். கூட வந்திருந்த மாமிதான் அதை எடுத்து என் கையில் தந்தார். அவர் பெற்ற பிள்ளையைப் பற்றிய தாள் அது. “நீ வாழவேண்டிய பிள்ளை, கையெழுத்தை வை” என்றார்.

இந்தச் சான்றிதழை எடு என்று ஒரு பெண்ணை எவரும் நெருக்கக் கூடாது. எடுத்தவளைக் குறை சொல்லவும் கூடாது. கிளிநொச்சி கந்தசுவாமி கோயிலடியில் 2017இல் போராடத் தொடங்கிய தாய்மாரின், காணாமற்போனவர்கள் எங்கே என்ற கேள்வி இன்றும் என் கேள்விதான். தாளில் கையெழுத்து வைத்ததால் அது தீர்ந்துவிடவில்லை.

முதல் திருமணச் சான்றிதழும் இடம்பெயர்வில் தொலைந்திருந்தது. நல்லவேளையாக நாங்கள் பதிவுத் திருமணம் செய்திருந்தோம். பிரதேச செயலகத்தில் விண்ணப்பித்துப் பிரதி எடுத்தேன். கோயிலில் தாலி கட்டியதோடு நின்றவர்களுக்கு இந்த இடத்தில் அலைச்சல் அதிகம். தமிழில் உள்ள எல்லாத் தாள்களையும் ஒரே சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரிடம் கொடுங்கள். கடவுச்சீட்டின் பிரதியையும் கூடவே கொடுத்து, அதில் உள்ளபடியே பெயரை எழுதச் சொல்லுங்கள். ஆளுக்கொரு விதமாக எழுதினால் திருமணச் சான்றிதழில் உள்ளவரும் இறப்புச் சான்றிதழில் உள்ளவரும் வேறு வேறு ஆட்களாகிவிடுவார்கள்.

இதற்குப் பிறகுதான் விசாக் கட்டணம் கட்டினோம். நான் விண்ணப்பித்தது திருமணம் செய்யப்போகிறவருக்கான விசாவுக்கு. ஏ1 என்ற ஆரம்பநிலைத் தர ஆங்கிலப் பேச்சுப் பரீட்சையும் காசநோய்ப் பரிசோதனையும் கொழும்பில் முடிந்தன. லண்டனில் உள்ள மாப்பிள்ளையின் வருமானம்தான் இப்போது பெரிய தடை. 2024 ஏப்ரல் 11 முதல் புதிதாக விண்ணப்பிப்பவர்களுக்கு அது ஆண்டுக்கு 29,000 பவுண் ஆக இருக்க வேண்டும். முன்பு 18,600 ஆக இருந்தது.

லண்டனில் நடந்தது நேரான வேலை. நாங்கள் இருந்த பகுதியில் ஏழு நாட்கள் தங்கிய பிறகு இருவரும் ஒன்றாகப் பதிவகத்துக்குப் போய், திருமணம் செய்யப்போகிறோம் என்று அறிவித்தல் கொடுத்தோம். கடவுச்சீட்டு, முகவரி ஆதாரம், முன்னைய கணவரின் இறப்புச் சான்றிதழ், பழைய திருமணச் சான்றிதழ் எல்லாவற்றையும் பார்த்தார்கள். அறிவித்தல் 28 நாட்கள் காட்சிக்கு இருந்தது. பொருத்தமான விசா இல்லாதவர்களுக்கு உள்துறை அமைச்சு இதை 70 நாட்களாக நீட்டலாம். 2021 மே மாதத்திலிருந்து தாய்மாரின் பெயரும் திருமணப் பதிவில் வருகிறது. என் அம்மாவின் பெயரையும் ஒவ்வோர் எழுத்தாகச் சொல்லிக் கொடுத்தேன்.

திருமணம் செய்யப்போகிறவருக்கான அந்த விசா ஆறு மாதத்துக்குத்தான். அதில் வேலை செய்ய முடியாது. அதற்குள் திருமணத்தை முடித்து, மனைவிக்கான அனுமதிக்கு அங்கிருந்தே விண்ணப்பிக்க வேண்டும். திருமணச் சான்றிதழில் மேலதிகப் பிரதிகளைத் தொடக்கத்திலேயே வாங்கிவையுங்கள். விசாவுக்கு ஒன்று போய்விடும். கடவுச்சீட்டில் பெயர் மாற்றவும் ஊரில் காணி அலுவல் பார்க்கவும் வேறு பிரதிகள் வேண்டும்.