நேற்று மாலையா, விடியற்காலையா

அந்தப் பெண் சொன்னது என் காதில் விழுந்தது. இதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். பிறகு எனக்காக நானே வாதாடத் தொடங்கும்போது இது எங்காவது நழுவிப் போய்விடும்.

மாடு எப்போது பருவத்துக்கு வந்தது என்று கணவரிடம் கேட்டேன். "நேற்று மாலை, டாக்டர்" என்றார். சாணம் அள்ளிக்கொண்டிருந்த மனைவி நிமிராமலே, "நேற்று விடியற்காலையிலிருந்தே கத்திக்கொண்டிருந்தது" என்றார். யாருக்கும் சொன்னதுபோல் இல்லை. நான் பதிவேட்டில் "நேற்று மாலை" என்று எழுதி, மாட்டுக்குள் விந்தைச் செலுத்தும் சினை ஊசியைப் போட்டுவிட்டுக் கிளம்பினேன்.

பசு 21 நாளுக்கு ஒருமுறை பருவத்துக்கு வரும். அது பெரும்பாலும் 12 முதல் 18 மணி நேரம்தான். காலையில் கண்டால் மாலையில் ஊசி, மாலையில் கண்டால் மறுநாள் காலையில் ஊசி; முதலாண்டு மாணவருக்கும் தெரிந்த கணக்கு. கணவரின் கடிகாரப்படி நான் சரியான நேரத்துக்குப் போயிருந்தேன். மனைவியின் கடிகாரப்படி ஒரு நாளுக்கு மேல் ஆகிவிட்டது. கருமுட்டை வெளிவந்து சில மணி நேரம்தான் தாங்கும். உறைநிலையிலிருந்து எடுத்த விந்தணுவுக்கும் பெரிய ஆயுள் கிடையாது.

கணவர் பொய் சொல்லவில்லை. மாடு கத்துவதையும், கண்ணாடிபோல் வழும்பு ஒழுகுவதையும், கறவையில் பால் குறைவதையும் பார்ப்பது தொழுவத்தில் கிடப்பவர். டாக்டரைக் கூப்பிடும் கைபேசி இருப்பது வெளியே போய்வருபவரிடம். அவருக்குத் தெரிந்த நேரம்தான் "நேற்று மாலை". பின்னொரு நாள் பதிவேட்டைப் புரட்டினேன். அந்த மாட்டுக்கு மூன்று முறை ஊசி போட்டிருக்கிறேன். மூன்று முறையும் "நேற்று மாலை".

என் தரப்பையும் சொல்லிவிட வேண்டும். மாடு கணவர் பெயரில் இருக்கிறது. படிவத்தில் உரிமையாளர் என்றொரு கட்டம் உண்டு. பராமரிப்பவர் என்று ஒன்று கிடையாது. அதோடு, "ஆண் டாக்டர் இல்லையா?" என்ற கேள்வியைத் தொழுவம் தொழுவமாகக் கேட்டு வந்தவள் நான். வீட்டு ஆணின் கண்ணைப் பார்த்து, அவர் மொழியில், குரல் தணியாமல் பேசித்தான் அந்தக் கேள்வியை நிறுத்தினேன். அந்தப் பக்கமே திரும்பிப் பழகிய கழுத்து அன்றைக்கும் அந்தப் பக்கம் திரும்பியது. இது காரணமா, சாக்கா என்று எனக்கே பிடிபடவில்லை.

நான்காவது முறை அவர் கூப்பிட்டது ஊசிக்காக அல்ல, சான்றிதழுக்காக. மாட்டைக் கழித்துவிட முடிவு செய்திருந்தார். மூன்று ஊசிக்கும் சினை பிடிக்காவிட்டால், வெளிப்படையான கோளாறு எதுவும் இல்லாவிட்டாலும் அதற்கென்று ஒரு வகைப் பெயர் எங்கள் துறையில் இருக்கிறது. அதை எழுதிக்கொடுத்தேன். படித்துவிட்டு, "மலடு, அவ்வளவுதானே?" என்றார். நான் தலையாட்டினேன். அப்போதுதான் மனைவி கேட்டார்: "இரண்டு ஈற்று ஈன்றதை மலடு என்று எழுதலாமா, டாக்டர்?"

"பாசம் வைத்துவிட்டாள். கணக்குப் பார்க்கத் தெரியாது" என்று சிரித்தார் அவர். நானும் சிரித்தேன். மணி சொன்னவர் அந்தப் பெண். ஈற்றை எண்ணியவரும் அவர்தான். அன்று அந்தத் தொழுவத்தில் கணக்குப் பார்த்தது அவர் ஒருவர் மட்டுமே. அதற்குப் பாசம் என்று பெயர் வைத்தோம், நாங்கள் இருவரும்.

அந்தச் சொல்லைப் பற்றி நிறைய யோசித்திருக்கிறேன். மலடு என்பது ஒரே மூச்சில் மாட்டையும் பெண்ணையும் சுடும் சொல். விந்தை உறையவைத்திருக்கும் கலத்தில் திரவ நைட்ரஜன் குறைந்திருந்ததா, உறைந்த விந்துக் குழலை உருக்க வெதுவெதுப்பான நீரில் சரியான நேரம் வைத்தேனா, எந்தக் காளையின் விந்து அது என்று யாரும் கேட்கவில்லை. நானும் கேட்டுக்கொள்ளவில்லை.

பெண்ணுக்கு நடப்பதையும் விலங்குக்கு நடப்பதையும் சேர்த்துப் பார்த்தவர்கள் முன்பே உண்டு. 1875இல் லண்டனில், உயிருள்ள விலங்குகளை அறுத்துச் செய்யும் ஆய்வுகளுக்கு எதிராகச் சங்கம் தொடங்கிய பிரான்சிஸ் பவர் காப், 1878இல் மனைவியரைக் கணவன்மார் அடித்துச் சித்திரவதை செய்வதைப் பற்றியும் எழுதினார். ஆனால் என் கதையில் அடி இல்லை, கொடுமைக்காரரும் இல்லை. அந்த மனிதர் மாட்டைத் தட்டிக்கொடுத்துத்தான் பேசுவார். மனைவியிடம் குரல் உயர்த்தியும் நான் கேட்டதில்லை. ஒரு தகவல் சேர வேண்டிய இடத்துக்கு ஒரு நாள் தாமதமாகச் சேர்ந்தது, அவ்வளவுதான். இதற்குப் பெரிய பெயர்கள் வைப்பது என் பங்கை மறைத்துக்கொள்ளும் இன்னொரு வழியோ என்றும் தோன்றுகிறது. நேரத்தோடு போயிருந்தாலும் சினை பிடிக்காமல் இருந்திருக்கலாம். மாடு போய்விட்டது, இனிச் சோதித்துப் பார்க்க வழியில்லை.

இப்போதெல்லாம் "யார் முதலில் பார்த்தது?" என்று கேட்டுவிட்டுத்தான் நேரத்தைக் கேட்கிறேன். போன மாதம் வேறொரு தொழுவத்தில் மடியைக் கழுவிக்கொண்டிருந்த பெண்ணிடம் நேராகவே கேட்டேன். அவர் கணவரை ஒருமுறை பார்த்தார். "அவரையே கேளுங்கள், டாக்டர்" என்றார்.

"நேற்று மாலை" என்றார் கணவர். நான் எழுதாமல், பேனாவைப் பிடித்தபடி இன்னும் கொஞ்ச நேரம் நின்றேன்.